பப்பில் யாரும் வந்து கேட்க மாட்டார்கள்

நான் குடிக்கப் பழகிவிட்டேன் என்று அம்மா முடிவு கட்டியது, பீரோக் கண்ணாடி முன்னால் நின்று நான் பாடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில். அன்றைக்கு அவித்த பட்டாணி சீக்கிரமே விற்றுப்போய், காலிக் கூடையோடு வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, துரை தோரணையில், "எ பைண்ட் ஆஃப் பியர் அண்ட் எ ஹாஃப் ஆஃப் சைடர், ப்ளீஸ்" என்று கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பியர் என்ற சொல் யாங்கோனில் எல்லா மொழிக்கும் சொந்தம்.

"வாய ஊது," என்றாள்.

"அம்மா, இது பாடம்மா."

"ஊதுடா."

ஊதினேன். அவள் அவித்த பட்டாணியின் வாசம்தான் வந்திருக்கும். அதில் அவள் சமாதானம் ஆகவில்லை.

"சாராயக் கடைக்குப் போறதுக்கு ஒரு பாடமா? அத எவனாவது படிப்பானா? ஒங்க மாமன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டுப் போனான்? நேரா போனான், நேரா வுழுந்து கெடந்தான்."

உள்ளே பாயில் படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அவன் படிச்சவன். என்னமோ செய்யிறான், வுடு."

எங்கள் வீட்டில் எந்த வழக்குக்கும் அதுதான் கடைசித் தீர்ப்பு. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் இராத்திரி முழுக்க மூட்டை தூக்குகிறவர் அப்பா. அவருடைய அப்பாவும் அதே துறைமுக வேலைதான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் பட்டம் வரைக்கும் போன முதல் ஆள் நான். அதனால் தெருவில் யாருக்கு மருந்து வாங்கினாலும் டப்பா என் கைக்கு வந்துவிடும். அதன் மேல் அச்சடித்திருப்பதை நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் மாத்திரை தொண்டைக்குள் இறங்கும். அப்படிப்பட்ட நான் கண்ணாடி முன்னால் நின்று பியர் கேட்டால் அம்மா என்னதான் செய்வாள்!

பபேடான் பகுதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் நான் உதவியாளனாக இருந்தேன். வெள்ளைப் பலகையைத் துடைப்பது, நகல் எடுப்பது, வராத மாணவர்களுக்கு போன் போடுவது, இவைதான் என் வேலைகள். வகுப்பை நடத்துகிற பர்மியப் பெண்மணியை எல்லோரும் சயாமா என்போம். டீச்சர் என்று அர்த்தம். அவர் என்னை மௌங்லே, அதாவது தம்பி, என்று கூப்பிடுவார். மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர் திடீரென்று வெளிநாடு கிளம்பிவிட்டார். இப்போது இங்கே யாரையாவது காணோம் என்றால் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றே எடுத்துக்கொள்கிறோம். அவர் இடத்துக்கு யார் என்ற கேள்வி வந்தபோது, நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு சயாமா முன்னால் போய் நின்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தார். "ஒரே ஒரு பாடம் எடு. நான் பின்னால உக்காந்து பாக்கிறேன். நல்லா இருந்தா வகுப்பு உனக்கு. இல்லேன்னா வேற ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

எந்தப் பாடம் என்று புத்தகத்தைப் புரட்டினேன். முந்தைய ஆசிரியர் விட்டுப்போன இடத்துக்கு அடுத்த பாடம் 'பப்புக்குப் போவது'.

"சயாமா, இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாமா? ரயில் டிக்கெட் வாங்கறது இருக்கு."

"எதுக்கு விடணும்? நம்ம ஆளுங்க சிங்கப்பூர் போறாங்க, துபாய் போறாங்க, கப்பல்ல ஏறுறாங்க. அங்க யாரு வந்து எதைக் கேப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா? புத்தகத்துல இருக்கு, சொல்லிக் குடு."

அந்தப் புத்தகம் இங்கிலாந்திலிருந்து வந்தது. என்றைக்கோ ஒரே ஒரு பிரதி வந்து, நகலுக்கு நகலாக எங்கள் தெருவில் பெருகியிருந்தது. அதனால் படங்களில் இருக்கும் துரைமார்கள் எல்லோரும் எங்கள் துறைமுகத்து ஆட்களைவிடக் கறுப்பு. பல்லும் சட்டைக் காலரும் மட்டும் வெள்ளையாகத் தெரியும். இந்தப் பாடத்தின் படத்தில் அப்படி ஐந்தாறு பேர் நெஞ்சுயர நீள மேடை ஒன்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சுற்றிலும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கடை மூடுகிற நேரம், கிளம்புகிறார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சொற்களை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். பைண்ட் என்றால் பெரிய கிளாஸ், ஹாஃப் என்றால் அதில் பாதி. சைடர் என்றால் ஆப்பிள் மது, கிரிஸ்ப்ஸ் என்றால் உருளைக்கிழங்கு வறுவல். முன்பு குடித்ததையே மறுபடி கேட்பதற்கு 'சேம் அகெய்ன், ப்ளீஸ்'. நாலு பேர் சேர்ந்து போனால் ஒருவர் நாலு பேருக்கும் சேர்த்து வாங்குவாராம், அது தீர்ந்ததும் அடுத்தவர் வாங்குவாராம். அந்த முறைக்கு ரவுண்ட் என்று பெயர். 'இட்ஸ் மை ரவுண்ட்' என்றால் இது என் முறை. எல்லாம் வாயில் நின்றது. ஆனால் ஆட்கள் எங்கே நின்று யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பீர் ஸ்டேஷன் என்று நாங்கள் சொல்லும் தெருவோரக் குடிக்கடைக்கு நண்பர்களோடு போயிருக்கிறேன், எலுமிச்சை சோடா குடித்திருக்கிறேன். பப் என்பது வேறு என்று புத்தகமே சொன்னது.

ஆகவே போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். கியாக்டடா பகுதியில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அப்படி ஒரு கடை இருந்தது. நல்ல சட்டையும் இஸ்திரி போட்ட லுங்கியுமாக உள்ளே போய் ஓரத்து மேசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே இருந்தேன். மேடைக்குப் பின்னால் நின்ற பையன் கிளாஸ் துடைத்தான். என்னைப் பார்த்தான். மறுபடி துடைத்தான்.

நம் டீக்கடையாக இருந்தால் உதட்டைக் குவித்து, குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி "ப்ச், ப்ச்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், டீ வந்துவிடும். யாங்கோனில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தம் கற்றுக்கொடுக்காமலே வரும். ஆனால் புத்தகத்தில் எல்லாம் ப்ளீஸ், ப்ளீஸ் என்று இருந்ததால் உதட்டை அடக்கிக்கொண்டேன். என் முகமும் லுங்கியும் பிடிக்கவில்லை போலும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சுருங்கியும் போனேன்.

இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். உட்காரவில்லை. நேரே மேடைக்குப் போய் நின்று பேசினார்கள், தங்கள் கிளாஸைத் தாங்களே தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்கள். கடைக்காரருக்கு வேண்டியவர்களாக இருக்கும், கூடமாட உதவுகிறார்கள் என்று நினைத்தேன்.

கடைசியில் அந்தப் பையனுக்கே பொறுக்காமல் என்னிடம் வந்தான். "அண்ணே, யாருக்காகவாவது காத்திருக்கீங்களா?" என்று பர்மியத்தில் கேட்டான்.

"உங்களுக்காகத்தான்," என்றேன். "ஆர்டர் எடுக்க யாருமே வரலியே."

அவன் சிரித்துவிட்டான். "இங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்கண்ணே. நீங்கதான் எந்திரிச்சு வரணும். நானும் சேந்த புதுசுல, கஸ்டமரு நிக்கிறாரேன்னு ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கேன். மேனேஜர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அப்போதுதான் அந்த நகல் படம் என் கண் முன்னால் விளங்கியது. அவர்கள் கிளம்பவில்லை. வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, மேடைக்கு முன்னால் போய் நின்று, படத்தில் இருந்தவர்களைப் போல ஒரு முழங்கையை அதன் மேல் வைத்தேன். "எ லைம் சோடா, ப்ளீஸ்." அவன் பர்மியத்தில் "ஐஸ் போடவா?" என்றான். அந்தச் சோடாவை நானே சுமந்துகொண்டு மேசைக்குத் திரும்பியபோது, எனக்கு என்னவோ லண்டன் வரைக்கும் போய்த் திரும்பிய பெருமிதம்.

பாட நாள் வந்தது. மாணவர்களில் மூன்று பேரைச் சொன்னால் போதும், மற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து சிரிப்பவர்கள். முதலாமவர் பக்கத்துத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாய். மகள் இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பேரனுக்குத் தமிழும் வராது, பர்மியமும் வராது என்பதால் ஐம்பது வயதுக்கு மேல் ஆங்கிலம் படிக்க வந்தவர். இரண்டாவது, சிங்கப்பூர் போகக் காத்திருந்த பர்மிய நர்ஸ் அக்கா. கன்னத்தில் சந்தனம் போலத் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு எப்போதும் முன்வரிசையில் உட்காருவார். மூன்றாவது, ஒரு டாக்சி ஓட்டும் தமிழ் அண்ணன். வாயைத் திறந்தால் மூடமாட்டார், ஆங்கிலத்தில் மட்டும் திறக்கவே மாட்டார். சயாமா சொன்னபடியே கடைசி வரிசையில் போய் அமர்ந்தார்.

நான் பலகையில் மேடை வரைந்தேன், கிளாஸ் வரைந்தேன். முதல் வாக்கியத்தைச் சொல்லச் சொன்னபோதே பாய் கையைத் தூக்கினார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நமக்கு அதைக் குடிக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. வெளையாட்டுக்குக்கூட வாயில வரமாட்டேங்குது."

"அப்ப நீங்க லெமனேட் கேளுங்க பாய். அதுவும் பப்புல உண்டு."

"அதைக் கேக்கறதுக்கு நான் ஏன் அங்க போகணும்?" என்றார் பாய். வகுப்பு சிரித்தது. சயாமா சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. எங்கள் ஊரில் அது செய்தியே இல்லை. ஆனால் அன்றைக்கு ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. பலகை இருட்டில் மறைந்தது, என் மேடையும் கிளாஸ்களும் அதோடு போயின. வியர்வை வழிய எல்லோரும் தாளை விசிறியாக்கிக்கொண்டார்கள். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சயாமா எழுந்துவிட்டார், இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. இன்றைக்கு இல்லையென்றால் பிறகு எனக்கு இல்லை. அந்த 'வேற ஆள்' வந்து உட்கார்ந்துவிடுவார்.

"எல்லாரும் கீழ வாங்க!" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பப் கீழ இருக்கு."

எதிர்ப்புறத்து டீக்கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கார அண்ணன் எங்கள் ஆள். கொதிக்கிற டீயைக் கரண்டியால் உயரத் தூக்கி ஊற்றுவதில் அவருக்குப் பேர் உண்டு. அவர் நின்று டீ போடுகிற இடத்துக்கு முன்னால் நெஞ்சளவு உயரத்தில் ஒரு மேடையும் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"முப்பது வருசமா டீ ஆத்துறேன். என்னப் போயி சாராயக் கடைக்காரன் ஆக்குறியே?"

"டீயேதான் ஊத்தப்போறீங்க அண்ணே. பேரு மட்டும்தான் பப்."

"டீன்னா எனக்குச் சம்மதம்," என்றார் பாய் பின்னாலிருந்து.

சயாமா ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, மேசைதோறும் இலவசமாக வைத்திருக்கும் வெறுந்தேநீர்க் குடுவையிலிருந்து தானே ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டார். அவர் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

"இப்ப இது பப். வாங்க, ஆரம்பிக்கலாம்," என்றேன் மாணவர்களிடம்.

எல்லோரும் ஒழுங்காக வந்து ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். டாக்சி அண்ணன் உதட்டைக் குவித்தார். "ப்ச், ப்ச்."

"அது கூடாதுண்ணே! இங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்க. எந்திரிச்சு மேடைக்குப் போகணும். நின்னுக்கிட்டுக் கேக்கணும்."

யாரும் அசையவில்லை. நர்ஸ் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாமளா எழுந்து போனா, சரியா கவனிக்கலைன்னு கடைக்காரரைக் குத்திக்காட்டற மாதிரி ஆகாதா? அவர் மனசு சங்கடப்படாதா?"

அவர் கேட்டது நியாயம்தான். டாக்சி அண்ணன் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு எழுந்து மேடைக்குப் போனார். போனதுதான் தாமதம், கடைக்கார அண்ணன் பதறிப்போய் மேடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "என்னங்க நிக்கிறீங்க, உக்காருங்க, உக்காருங்க, நான் கொண்டாறேன்!" என்று அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கையோடு ஒரு டீயையும் வைத்துவிட்டுப் போனார். அடுத்து நர்ஸ் அக்கா எழுந்தார். கடைக்காரர் மறுபடி ஓடிவந்தார். பாய் எழுந்தபோது அவருக்கு ஸ்டூலைத் துடைத்தே போட்டார். மூன்று பேருக்கும் டீ வந்துவிட்டது, ஒருவர் வாயிலிருந்தும் ஒரு ஆங்கிலச் சொல் வரவில்லை.

சயாமாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. அவர் கோப்பை பாதியாகியிருந்தது.

எனக்கு அதற்கு மேல் பாடமாகச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. அதனால் கியாக்டடா கதையைச் சொன்னேன். இஸ்திரி போட்ட லுங்கியோடு நான் உட்கார்ந்தே இருந்ததையும், பையன் கிளாஸ் துடைத்ததையும், என் முகம் பிடிக்கவில்லை போலும் என்று நான் சுருங்கிப்போனதையும், தங்கள் கிளாஸைத் தாங்களே சுமந்தவர்களைக் கூடமாட உதவுகிறவர்கள் என்று நினைத்ததையும் ஒன்றுவிடாமல் நடித்தே காட்டினேன். டாக்சி அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப அங்க உக்காந்தா வெடியவெடிய உக்கார வேண்டியதுதான்!"

"ஆமாண்ணே. நாளைக்கே துபாய் போய் நீங்க இப்படி உக்காந்திருந்தா நம்மளை மதிக்கலைன்னு நெனச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்க. அவங்க, இந்த ஆளு தாகமே இல்லாம எதுக்கு வந்தாருன்னு நெனப்பாங்க."

பிறகு கடைக்கார அண்ணனிடம் திரும்பினேன். "அண்ணே, கொஞ்ச நேரத்துக்கு உங்களுக்குக் கால் சுளுக்கிக்கிச்சுன்னு வெச்சுக்குங்க."

"நல்ல வாயிடா ஒனக்கு," என்றவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டு, மேடைக்குப் பின்னாலேயே நின்றார்.

டாக்சி அண்ணன் மறுபடி போனார். முழங்கையை மேடையில் வைக்கச் சொன்னேன். வைத்தார். முழங்கை வைத்ததும் அவருக்கு என்ன ஆனதோ, வகுப்பில் ஒரு நாளும் வராத குரல் வந்தது. "குட் ஈவ்னிங்! த்ரீ பைண்ட்ஸ் ஆஃப் டீ, ப்ளீஸ்! இட்ஸ் மை ரவுண்ட்!"

புத்தகத்தில் இந்த இடத்தில் மற்றவர்கள் 'சியர்ஸ்' என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். புத்தகம் எழுதியவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. ஒருவர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, அடுத்தவர் சும்மா இருந்து இந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? பாய் சட்டென்று எழுந்து டாக்சி அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்.

"நோ, நோ! மை ரவுண்ட்! ஐ ஆம் ஓல்டு!"

"நோ பாய், ப்ளீஸ், இட்ஸ் மை ரவுண்ட்!"

நர்ஸ் அக்கா இருவருக்கும் நடுவே புகுந்தார். "யூ சிட்! போத் சிட்! ஐ கோ சிங்கப்பூர், சோ இட்ஸ் மை ரவுண்ட்!"

"யூ நாட் கோ யெட்!" என்றார் டாக்சி அண்ணன்.

"சிஸ்டர், நெக்ஸ்ட் ரவுண்ட் யுவர் ரவுண்ட். திஸ் ரவுண்ட் மை ரவுண்ட்!" என்றார் பாய், மேடையை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டு.

யாருடைய கையிலும் தாள் இல்லை. எல்லாத் தாளும் ஸ்டூலில் கிடந்தன. மற்ற மாணவர்களும் எழுந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இலக்கணம் முன்னே பின்னே இருந்தது, ஆனால் அத்தனையும் ஆங்கிலத்தில் நடந்த சண்டை. பக்கத்து மேசையில் இருந்த பர்மியப் பெரியவர் என்ன தகராறு என்று விசாரித்து, விளங்கிக்கொண்டு, தன் டீயை உயர்த்தி "சியர்ஸ்!" என்றார். உடனே கடை முழுக்கப் பீங்கான் கோப்பைகள் மேலே போயின. கடைக்கார அண்ணன் தன் பங்குக்குக் கரண்டியை உயர்த்தினார். "என்ன சியர்ஸோ போங்க. ஒரே கடையில இத்தன பேரு நின்னுக்கிட்டு டீ குடிச்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அந்தக் கூச்சலில் நான் சயாமாவை மறந்தே போயிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவருடைய ஸ்டூல் காலியாக இருந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அவர் போகவில்லை. டாக்சி அண்ணனுக்குப் பின்னால், வரிசையில், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளே வந்தால் நாங்கள்தான் எழுவோம். அவர் எதற்காகவும் எழுந்து நின்று நாங்கள் பார்த்ததில்லை. கூச்சல் தானாக அடங்கியது. பாய் மேடையிலிருந்து கையை எடுத்து வழிவிட்டார். சயாமா முன்னால் வந்து, குட்டையானவர் என்பதால் கொஞ்சம் எக்கி, முழங்கையை மேடையில் வைத்தார்.

"இட்ஸ் மை ரவுண்ட்," என்றார். அதற்கு மட்டும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாட் ஆர் யூ ஹேவிங், சயா?"

சயா என்றால் ஆசிரியர். அவர் வாயிலிருந்து மௌங்லே தவிர வேறு எதுவும் எனக்கு வந்ததில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் அது விளங்கியது. நர்ஸ் அக்கா கையைத் தட்டினார். டாக்சி அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பாடத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று விதமான பதில் இருக்கிறது, மூன்றும் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை.

"டீ," என்றேன்.

"ப்ளீஸ் சொல்லணும் சயா," என்றார் பாய்.

வீட்டுக்குப் போனபோது அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலேயே மறித்தாள். என் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளுக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பியிருக்க வேண்டும்.

"வாய ஊது."

ஊதினேன். எத்தனையோ கோப்பை டீயின் வாசம்.

"வேலை கெடைச்சிருச்சும்மா," என்றேன்.

"எங்க?" என்றாள். "அந்தச் சாராயக் கடையிலயா?"

அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டே படியிறங்கினார். "அவன் படிச்சவன்டி. சேர்த்துக்கிட்டாங்க, வுடு," என்று சிரித்தபடி படகுத்துறைப் பக்கம் நடந்தார்.